எத்தனை துண்டு

தகர டப்பா கவிழ்ந்து கிடந்தது.
பட்டர் பேப்பரை முன்காலால் அமுக்கிக்கொண்டு
ரைட்டு நக்கிக்கொண்டிருந்தது.
வயலெட் விளக்கைப் போட்டாள்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
"பாத்தியா, பூராத்தையும் தின்னுட்டு
இந்த நாய்" என்றேன்.

முப்பத்தோரு வருஷம்
பாபநாசம் வண்டியில் சீட்டுக் கிழித்தவன் நான்.
ஏழு வயசுப் பிள்ளையை
இடுப்பில் தூக்கி மூணாக்கிய தாய்மார்கள்,
வண்ணாரப்பேட்டை தாண்டும் வரை
தூங்குவதுபோல் இருந்த பெரிய மனுசர்கள்
எல்லார் முகமும் எனக்குப் பாடம்.
என் முகத்தைப் படிக்க
அன்றைக்கு வண்டியில் ஆளில்லை.

"மாப்ள நாளைக்கு வாராவ,
அவுகளுக்குன்னு வச்சிருந்தேன்" என்றவள்
சட்டென்று நிறுத்தினாள்.
"கிஸ்மிஸ்!
திராட்சை மட்டும் நாய்க்கு ஆகாது,
பச்சையும் ஆகாது காஞ்சதும் ஆகாதுன்னு
ஊசி போட்டப்ப அந்தப் பிள்ள சொல்லிச்சே."

அந்தப் பிள்ளை டாக்டர் ஷிஃபானா.
மேலப்பாளையம்.
ராமையன்பட்டி கால்நடை ஆஸ்பத்திரியில்
ராத்திரி டூட்டியில் இருந்தது.
வயலெட் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எத்தனை கிலோ இருக்கும்?"
கட்டிலடியில் எனக்கென்று வாங்கிய எடை மிஷின்.
நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், தொண்ணூற்றொன்று.
இறக்கிவிட்டு ஏறினேன், எழுபத்தொன்பது.
"பன்னெண்டு" என்று கழித்துச் சொன்னவள்
போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்:
"போன வாரம் எழுவத்தாறுல்லா?"

"எப்ப தின்னுச்சு?"
அரை மணி இருக்கும்.
"எவ்வளவு கிஸ்மிஸ் போட்டீங்க?"
கால் கிலோ, ஒரு மாசம் ஊறினது.
"எத்தனை துண்டு?"
"எட்டு இருந்துச்சும்மா" என்றாள் வயலெட்.

அந்தப் பக்கம் பேனா நின்றது.
"எட்டுமா? அப்ப ரொம்ப அதிகம்,
கிட்னியை வாங்கிரும்.
மருந்தும் அதுக்கேத்த மாதிரி..."

ரைட்டு என்னைப் பார்த்தது.
வாலை ஆட்டியது.
சாட்சி சொல்லத் தெரியாத ஜீவன்.

"மூணு" என்றேன்.
"என்ன மூணு?"
"அது தின்னது மூணு.
மத்தது நான்."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
"சார், உங்களுக்கு சுகரா?"
"ஆமா."
"நீங்க நாளைக்கு வேற டாக்டரப் பாருங்க.
அதை இப்பவே தூக்கிட்டு வாங்க.
உப்புத் தண்ணி ஊத்தாதீங்க,
தொண்டையில விரலை விடாதீங்க.
அந்தப் பேப்பரையும் எடுத்துக்கோங்க."

சமாதானபுரத்தில் ஆட்டோ பிடித்தோம்.
மடியில் நாய், நாய்மேல் அவள் சேலை.
ஆற்றுப் பாலம் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.
"மூடியை அது தொறக்காதே."
"நான்தான் தொறந்தேன்."
"அதுக்கு யாரு குடுத்தா?"
"கொலைக்காம இருக்கட்டும்னு
முதல் துண்டு நான்தான்..."
கீழே தாமிரபரணி கொஞ்சமாய்ப் போய்க்கொண்டிருந்தது.
ஜங்ஷன் வரை
ஆட்டோக்காரன் கண்ணாடியில்
என்னையே பார்த்து வந்தான்.

ஊசி போட்ட பத்தாவது நிமிஷம்
தட்டில் எல்லாம் வந்தது.
ஷிஃபானா இடுக்கியால் எண்ணியது,
ஊறிக் கறுத்து உப்பிய இருபத்தாறு.
பிறகு கரியைக் கரைத்துப் புகட்டி
காலில் ட்ரிப்ஸ் ஏற்றி
"ரெண்டு நாள் இருக்கட்டும்,
ரத்தம் பாக்கணும்" என்றது.

பெஞ்சில் உட்கார்ந்ததும் வயலெட்
கைப்பையிலிருந்து அந்தச் சின்ன மிஷினை எடுத்தாள்.
நான் விரலை நீட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு
அணைத்தாள்.

விடியக்காலம் ஆறு மணிக்கு
மருமகன் போன் பண்ணினார்,
கோயில்பட்டி தாண்டிட்டோம் அத்தை,
கேக் இருக்குல்லா?

கட்டுப் போட்ட காலோடு
ரைட்டு தலையைத் தூக்கியது.
நான் தரையைப் பார்த்தேன்.

"அதை ஏன் கேக்கிய மாப்ள" என்றாள்,
குரலில் ஒரு பிசிறில்லாமல்,
"பூராத்தையும் தின்னுட்டு
இந்த நாய்."